மஹீனின் குதிரைகள்

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்கும் பேருந்தில் பக்கத்தில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன், என் கைபேசியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டைச் சற்றுநேரம் கேட்டுவிட்டு, "இது எந்தப் படத்துப் பாட்டு சார்?" என்று கேட்டான். படத்துப் பாட்டு இல்லை, கல்கத்தாவில் சில இளைஞர்கள் தாங்களாகவே எழுதி இசையமைத்து இசைத்தட்டாகப் போட்டது என்றேன். கொண்டை ஊசி வளைவு ஒன்று கடந்தது. "படமே இல்லாம எதுக்கு சார் பாட்டு போட்டாங்க?" என்றான். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அன்றைக்கு அவனுக்குச் சரியாக விடை சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

தமிழில் தீவிரமாக வாசிக்கிற எவருக்கும் வங்காளம் ஓரளவு சொந்த ஊர்தான். த.நா. குமாரசாமியின் மொழிபெயர்ப்பில் 'ஆரோக்கிய நிகேதன'த்தையும், சு. கிருஷ்ணமூர்த்தியின் மொழிபெயர்ப்பில் 'நீலகண்டப் பறவையைத் தேடி'யையும் படித்துவிட்டு, பார்த்தேயிராத ஆற்றங்கரைகளுக்காக ஏங்கியவர்கள் நாம். ஆனால் நம்முடைய அந்த வங்காளத்துக்கு ஒலி கிடையாது. அச்சில் வந்த வங்காளம் அது. தாகூரின் பாடல்களைக்கூட நாம் உரைநடைக் கவிதைகளாகவே அறிவோம். அப்படி அறிந்தவர்களுக்கு 1977இல் வெளிவந்த ஒரு சிறிய இசைத்தட்டைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

'மொஹீனேர் கோராகுலி' என்பது குழுவின் பெயர். தமிழில் சொன்னால் 'மஹீனின் குதிரைகள்'. இசைத்தட்டின் பெயர் 'சங்பிக்ன பாகிகுல் ஓ கொல்கத்தா பிஷயக்'. கலக்கமுற்ற பறவையினமும் கல்கத்தா பற்றியும் என்று இதைப் பெயர்க்கலாம். ஏதோ ஆய்வேட்டின் தலைப்பைப்போல வேண்டுமென்றே விறைப்பாக வைத்த பெயர். நிமிடத்துக்கு 45 முறை சுழலும் ஏழு அங்குலத் தட்டு, நான்கு பாட்டுகள். திருப்பிப் போட எழுந்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கால் மணிநேரத்தில் முடிந்துவிடும்.

பெயரை முன்மொழிந்தவர் குழுவில் ஒருவரான ரஞ்சன் கோஷால். அதை அவர் எடுத்தது ஜீவனானந்த தாஸின் 'கோரா' என்ற கவிதையிலிருந்து. 1948இல் வந்த 'சாத்டி தாரார் திமிர்' தொகுப்பில் இருக்கும் கவிதை அது. கார்த்திகை மாத நிலவில், கற்காலத்திலிருந்து இன்னும் மேய்ந்துகொண்டிருப்பவைபோல் குதிரைகள் நிற்கும் காட்சி. மஹீன் யார் என்பதைக் கவிதை சொல்வதில்லை. தாகூருக்குப் பிந்தைய வங்கக் கவிதையின் ஆகப்பெரிய ஆளுமை என்று இன்று கருதப்படும் ஜீவனானந்தர், 1954இல் கல்கத்தாவில் டிராம் மோதிக் காயமுற்று இறந்தார். வாழ்ந்த காலத்தில் அவர் கவிதைகள் புரியவில்லை என்றும் விசித்திரம் என்றும் ஒதுக்கப்பட்டவை. ஒரு ராக் குழு தனக்குப் பெயர்சூட்ட அவரிடம் போய் நின்றது என்பதிலேயே அவர்கள் யாரைத் தம் முன்னோராகக் கருதினார்கள் என்பது விளங்குகிறது. தங்களுக்கும் அதே கதிதான் காத்திருக்கிறது என்று அப்போது நினைத்திருக்க மாட்டார்கள்.

குழுவின் மையம் கௌதம் சட்டோபாத்யாய. நண்பர்களுக்கு 'மணிதா'. பிரெசிடென்சி கல்லூரியில் படித்தவர், பார்க் ஸ்ட்ரீட் இரவு விடுதிகளில் ஆங்கிலப் பாடல்களுக்கு வாசித்தவர், பிறகு நக்சல்பாரி அலையில் இழுத்துச்செல்லப்பட்டுச் சிறை சென்றவர். வெளியே வந்து சிலகாலம் ஊரைவிட்டு மத்திய இந்தியப் பக்கம் இருந்துவிட்டுத் திரும்பியபின், 1970களின் நடுவில் தம்பிகளையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு குழுவைத் தொடங்கினார். கௌதம், விஸ்வநாத், பிரதீப், ரஞ்சன் கோஷால், ஆபிரகாம் மஜும்தார், தாபஸ் தாஸ், தபேஷ் பந்தோபாத்யாய என்று ஏழு பேர். ஏழு பேர் என்பதால் முதலில் 'சப்தரிஷி' என்றுகூடப் பெயர் வைத்திருந்தார்கள். கித்தார், சாக்ஸபோன், புல்லாங்குழல், வயலின், பியானோ, டிரம்ஸ் எல்லாம் உண்டு. பாவுல் நாடோடிகளின் மெட்டு ஒரு பக்கம், ஜாஸ் ஒரு பக்கம், டிலனிடமிருந்து எடுத்த பேச்சுத்தொனி ஒரு பக்கம். இந்தக் கலவைக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் 'பாவுல் ஜாஸ்'.

இந்த இடத்தில் சிறு விலகல். பாவுலும் டிலனும் கல்கத்தாவில்தான் முதலில் சந்தித்துக்கொண்டார்கள் என்று எண்ணவேண்டாம். 1967இல் வந்த டிலனின் 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' தட்டின் உறையைப் பார்த்தால், அவருக்கு இருபுறமும் பூர்ணதாஸும் லக்ஷ்மண்தாஸும் என இரண்டு வங்கப் பாவுல்கள் நிற்பார்கள். 1971இல் நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக நடந்த கச்சேரியில் ரவிசங்கரும் அலி அக்பர் கானும் ஜார்ஜ் ஹாரிசனும் டிலனும் ஒரே மேடையில் தோன்றினார்கள். உலகம் அந்தத் திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. அந்த நகர்வை வங்க மொழிக்குள் கொண்டுவந்து பாட்டாக்கவே ஆள் இல்லாதிருந்தது.

நான்கு பாட்டுகளில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது 'ஹாய் பாலோபாஷி'. எனக்கு எதெல்லாம் பிடிக்கும் என்று ஒருவன் சொல்லிக்கொண்டே போகும் பாட்டு. பிக்காசோ, புனுவல், தாந்தே. பீட்டில்ஸ், டிலன், பீத்தோவன். ரவிசங்கரையும் அலி அக்பரையும் கேட்டுவிட்டு விடிகாலைப் பனியில் வீடு திரும்புவது. கல்கத்தாவின் படித்த நடுத்தர வர்க்க இளைஞனுடைய அலமாரியை அப்படியே கவிழ்த்துக் கொட்டியதுபோல் இருக்கும். பின்பு பாட்டு திரும்புகிறது. இவ்வளவும் பிடித்திருந்தும் ஏனோ எதுவுமே பிடிக்கவில்லை என்கிறான். அந்தத் திருப்பத்துக்குள் எத்தனை ஆண்டுகள் ஒளிந்திருக்கின்றன என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். நக்சல்பாரி 1967. பிறகு தெருக்களில் கொலைகள், வங்கதேசப் போர், அகதிகள். 1975இல் நெருக்கடிநிலை, 1977 மார்ச்சில் அதன் முடிவு. பாட்டு இவற்றில் ஒன்றையும் சொல்வதில்லை. சோர்வைமட்டும் சொல்கிறது. 'மெருன் சந்த்யாலோக்' என்ற பாட்டில் அதே சோர்வு அந்தியின் கருஞ்சிவப்பாக நிறம் மாறி வருகிறது.

கல்கத்தா இதை எப்படிக் கேட்டது? கேட்கவில்லை என்பதே நேரான விடை. தட்டு விற்கவில்லை. பெரும்பாலானவர்கள் கேலி செய்தார்கள். ஒரு சிறு வட்டம்மட்டும் விடாப்பிடியாகக் கூடவந்தது.

இதை ரசனைக்குறைவு என்று தள்ளிவிடுவது எளிது. எனக்கு அது சரியாகப்படவில்லை. கல்கத்தா அளவுக்குப் பாட்டைப் பொருட்படுத்திய நகரம் இந்தியாவில் குறைவு. நம் ஊரில் தீபாவளிக்குப் படம் வருவதுபோல அங்கே துர்கா பூஜைக்குப் பாட்டு வரும். திரைப்படத்தோடு தொடர்பில்லாத, 'ஆதுனிக்' என்றழைக்கப்பட்ட பாடல்கள் சிறு தட்டுகளாக வெளிவரும். எச்.எம்.வி. நிறுவனம் அந்த ஆண்டின் பாடல்வரிகளைப் புத்தகமாகவே அச்சிட்டு வெளியிடும். ஹேமந்த குமாரும் மன்னா டேயும் என்ன பாடியிருக்கிறார்கள் என்று மக்கள் ஆண்டுதோறும் காத்திருப்பார்கள். ஆகவே 'படமே இல்லாமல் எதற்குப் பாட்டு' என்ற கேள்வி அங்கே எழுந்திருக்காது. கலப்பும் புதிதல்ல. தாகூரே ஸ்காட்லாந்து நாட்டார் மெட்டை எடுத்து வங்கப்பாட்டு ஆக்கியவர். 1949இல் சலில் சௌத்ரி 'கான்யேர் பது'வில் ஒரே பாட்டுக்குள் மெட்டையும் தாளத்தையும் மாற்றிமாற்றிப் பஞ்சத்தின் கதையைச் சொல்லிவிட்டார்.

பிறகு எதுதான் இடித்தது? குரல் என்று நினைக்கிறேன். ஹேமந்தாவின் குரலில் வந்திருந்தால் எந்தக் கலப்பையும் கல்கத்தா ஏற்றிருக்கும். பயிற்சியால் மெருகேறிய, கொஞ்சம் துயரம் தோய்ந்த, மரியாதையான குரலே பாட்டு என்று அந்த நகரத்தின் செவி பழகியிருந்தது. இவர்களோ நண்பர்கள் மொட்டைமாடியில் சேர்ந்து பாடுவதுபோலப் பாடினார்கள். யார் பாடகர், யார் பின்பாட்டு என்பது தெளிவாக இல்லை. அதோடு, பாட்டுக்குக் காவலர்கள் இருந்த காலம் அது. தேபப்ரத பிஸ்வாஸ் போன்ற மகத்தான ரவீந்திர சங்கீதப் பாடகரே வாத்திய இசையை மிகையாகச் சேர்க்கிறார் என்று விஸ்வபாரதி இசைக்குழுமத்தின் ஆட்சேபத்துக்கு ஆளாகி, மனம் கசந்து ஒலிப்பதிவையே நிறுத்திக்கொண்டார். அந்தக் கசப்பை அவர் ஒரு நூலாகவும் எழுதினார். தாகூர் பாடல்களின் காப்புரிமை 2001இல் முடியும்வரை அந்தக் காவல் நீடித்தது. நாடறிந்த கலைஞருக்கே அந்தக் கதி என்றால், நாக்தலாவில் ஒரு வீட்டில் கூடிப் பயின்ற ஏழு இளைஞர்களை யார் பொருட்படுத்துவார்கள்?

1978இல் ஒரு தட்டு, 1979இல் ஒரு தட்டு, சில மேடைகள். 1981இல் குழு கலைந்தது. வேலை, குடும்பம், வேறு ஊர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் போனார்கள். ரஞ்சன் கோஷால் பெங்களூருக்குப் போய் நாடகத்தில் இறங்கினார். கௌதம் 'நாகமதி' என்ற திரைப்படத்தை இயக்கினார்.

இனி நம் பக்கம். அதே 1977இல் தமிழ்க் காது என்ன கேட்டுக்கொண்டிருந்தது என்று பார்ப்பது எனக்கு இதைவிடச் சுவையானது. அதற்கு முந்தைய ஆண்டுதான் 'அன்னக்கிளி' வந்திருந்தது. கிராமத்து மெட்டும் மேற்கத்திய வாத்திய அடுக்கும் ஒன்றாக வந்தபோது யாரும் திகைக்கவில்லை, தமிழ்நாடே பாடியது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் இளையராஜா டிஸ்கோவையும் ஜாஸையும் ராகத்தையும் ஒரே படத்துக்குள் அடுக்கினார். அதையும் ஏற்றுக்கொண்டோம். 1977லேயே 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் 'சுராங்கனி' வந்தது. இலங்கையின் பைலாத் தாளத்தில், பாதி சிங்களமும் பாதி தமிழுமாக, ஏ.ஈ. மனோகரன் அங்கே புகழ்பெறச் செய்த பாட்டு. இந்தப் பட்டியலைப் பார்த்தால் கல்கத்தாவைவிட நாம் திறந்த மனத்தினர் என்று தோன்றும்.

அப்படியல்ல. நமக்குத் தெப்பம் இருந்தது, அவ்வளவுதான். திரைப்படம் என்ற தெப்பத்தில் ஏறி வந்தால் எந்த இசையும் கரைசேரும். கதாநாயகன் ஊட்டியில் ஆடுகிறான், ஆகவே அந்தத் தாளம் பொருந்துகிறது. கனவுக்காட்சி, ஆகவே அந்த வயலின்கள் பொருந்துகின்றன. எந்த விசித்திரத்துக்கும் காட்சி காரணம் சொல்லிவிடும். கேட்பவன் தானாக ஒரு காரணத்தைத் தேடவேண்டியதில்லை. தெப்பத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. 1986இல் இளையராஜா, தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக, பாட்டே இல்லாத 'ஹவ் டு நேம் இட்' தட்டை வெளியிட்டார். வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதில் பேசியதை இன்றும் வியக்கிறோம். ஆனால் தலைப்பைக் கவனியுங்கள். இதற்கு என்ன பெயரிடுவது என்று கேட்கிறது. உள்ளே ஒரு துண்டுக்கு 'ஒப்பிடாதே' என்ற பொருளில் பெயர். படத்தில் வரும்போது எந்தப் பெயரும் கேட்காத இசை, தனியாக வந்தபோது தன்னை விளக்கிக்கொள்ளவேண்டியிருக்கிறது. அந்தத் தட்டின் இசை பொதுமக்கள் பலரின் காதுக்குப் போனதும் பாலு மகேந்திரா அதை 'வீடு' படத்தில் பின்னணியாக வைத்தபோதுதான். மறுபடியும் தெப்பம்.

கல்கத்தாவின் ஏழு பேரிடம் தெப்பம் இல்லை. ஆனால் நம்மிடம் இல்லாத ஒன்று அவர்களிடம் இருந்தது. கவிதையும் பாட்டும் அங்கே ஒரே வீட்டில் குடியிருந்தன. இங்கே 1959இல் 'எழுத்து' தொடங்கியபோது புதுக்கவிதை முதலில் சண்டையிட்டது ஓசையோடுதான். அது தேவையான சண்டை. யாப்பின் தாலாட்டிலிருந்து சொல்லை எழுப்பவேண்டியிருந்தது. விளைவாக, 1970களில் தமிழின் மிக நவீனமான சொற்கள் நானூறு ஐந்நூறு பிரதிகள் அச்சாகும் இதழ்களில் மௌனமாக வாசிக்கப்பட்டன. மிக நவீனமான ஒலிகள் ஆழ்வார்பேட்டை, கோடம்பாக்கம் ஒலிப்பதிவுக் கூடங்களில் உருவாகி, காதலன் காதலியை வர்ணிக்கும் சொற்களோடு வானொலியில் வந்தன. இரண்டும் ஒன்றையொன்று மதிக்கவில்லை. நம் இதழ்களில் திரைப்பாடல் என்றாலே முகம் சுளிப்பது ஒரு தகுதியாகவே இருந்தது. நானும் சுளித்தவன்தான். வீட்டில் யாரும் இல்லாதபோது 'நினைவோ ஒரு பறவை' கேட்டுக்கொண்டு, வெளியே பிரமிளைப் பற்றிப் பேசியவன். நம் புதுக்கவிஞர் ஒருவர் எழுதிய சொற்களை ஏழு நண்பர்கள் கித்தாரோடு பாடி, அதை நாம் பிடிக்கவில்லை என்று ஒதுக்கியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஒதுக்கப்படுவதற்கு முதலில் ஒன்று இருக்கவேண்டும்.

அவர்களுக்கு ஒன்று இருந்தது, ஆகவே அது காத்திருக்க முடிந்தது. 1992இல் சுமன் சட்டோபாத்யாயவின் 'தொமாகே சாய்' வந்தது. ஒரு மனிதன், ஒரு கித்தார், மெருகேற்றாத பேச்சுக்குரல், தெருவின் சொற்கள். கல்கத்தா அதைக் கொண்டாடியது. எந்தக் குரல் முன்பு இடித்ததோ அந்தக் குரலுக்குப் புதிய தலைமுறையின் செவி பழகிவிட்டிருந்தது. 1995இல் கௌதம் ஒரு ஒலிநாடாவைக் கொண்டுவந்தார். 'ஆபார் பொச்சோர் குரி பொரே', மீண்டும் இருபது ஆண்டுகள் கழித்து. இந்தப் பெயரும் ஜீவனானந்தரின் கவிதையிலிருந்துதான். வெளியானது எங்கே தெரியுமா? கல்கத்தா புத்தகக் கண்காட்சியில். அதன் மேல் 'மொஹீனேர் கோராகுலி சம்பாதித்' என்று இருந்தது. 'சம்பாதித்' என்றால் 'பதிப்பித்தது', 'தொகுத்தது'. சிற்றிதழ்க்காரர்களின் சொல். தாங்கள் மட்டும் பாடாமல், கிராஸ்விண்ட்ஸ் முதலிய இளைய குழுக்களையும் பாடகர்களையும் பாடவைத்து, தங்களைத் தொகுப்பாசிரியர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரு ராக் குழு சிறுபத்திரிகையின் வடிவத்தில் திரும்பிவந்ததை வேறு எங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

இம்முறை கல்கத்தா கேட்டது. அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளில் மேலும் மூன்று தொகுப்புகள் வந்தன. பழைய ஏழு அங்குலத் தட்டுகளைத் தேடி ஆட்கள் அலைந்தார்கள். அந்தப் பத்தாண்டின் முடிவில் வங்க மொழியில் ராக் பாடும் குழுக்கள் கல்லூரிதோறும் முளைத்திருந்தன. எல்லாரும் மஹீனின் குதிரைகளைத் தங்கள் முன்னோர் என்றார்கள். முன்னோர் ஆவதற்குச் சரியாகப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

1995 தொகுப்பில் வந்த 'பிரிதிபீடா நாகி' என்ற பாட்டு, உலகம் சுருங்கிச் சுருங்கித் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் அடங்கிவிட்டதைச் சொல்வது. 2006இல் 'கேங்ஸ்டர்' என்ற இந்திப் படத்தில் பிரீதம் இசையில் 'பீகி பீகி' என்று ஒரு பாட்டு வந்தது. பாடியவர் வங்கதேசத்தின் ராக் பாடகர் ஜேம்ஸ். மெட்டு இதே மெட்டு. இந்தியா முழுவதும் அதைப் பாடியது. பெட்டிக்குள் அடங்கிய உலகைப் பற்றிய பாட்டு, காதலியின் நினைவில் நனைந்த பாட்டாகிப் பெட்டிக்குள் போனது. ஆகத் தெப்பத்திலிருந்து அவர்களும் தப்பவில்லை. பேருந்தில் அந்த மாணவன் கேட்டுக்கொண்டிருந்ததும் இந்தப் பாட்டைத்தான். கேள்விப்பட்ட மெட்டாக இருக்கிறதே என்பதால்தான் எந்தப் படம் என்று கேட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்தபின்தான் எனக்கு இது உறைத்தது. அவனுடைய முதல் கேள்வி நான் நினைத்த அளவுக்கு அறியாமை அல்ல.

அந்த இந்திப் பாட்டைக் கேட்க கௌதம் இல்லை. 1999 ஜூன் 20 அன்று இறந்துவிட்டார். கடைசி ஆண்டுகளில் அவர் அசாமின் கார்பி ஆங்லாங் மலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார். கார்பி மக்களின் பாட்டுகளைக் கேட்டு, அவர்களுடைய 'ஹாய்மூ' கதையை அவர்களைக்கொண்டே மேடையேற்றினார். ரஞ்சன் கோஷால் 2020இலும், தாபஸ் தாஸ் 2023இலும் மறைந்தார்கள்.

இரண்டாவது கேள்விக்கான விடையை மறுவாரம் பள்ளியில் அவனிடம் சொல்லப் பார்த்தேன். குதிரைகளைப் பற்றி, நிலவைப் பற்றி, ஏழு பேரைப் பற்றி. பொறுமையாகக் கேட்டான். பிறகு, சாமை அறுப்பின்போது தன் பாட்டி பாடுவதும் படத்துப் பாட்டு இல்லைதான் என்று சொன்னான். அதை யாராவது தட்டு போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். "அத எதுக்கு சார்?" என்று சிரித்தான்.